லாரி என்னை இடிக்கவில்லை, அத்தான்

திருவொற்றியூர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சிவந்தி அத்தான் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மைத்துனன் இசக்கிப்பாண்டி மூன்று தலையணைமேல் சாய்ந்துகொண்டு பணிவுடன் எழுதுவது. இவ்விடம் என் தாடை நீங்கலாக யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், ஆவுடையம்மாள் அக்காவின் முழங்கால் சுகமும், ராயபுரம் கடையின் சுகமும் அறிய ஆவல். அக்கா கொடுத்தனுப்பிய கை முறுக்கு வந்து சேர்ந்தது. தாடை உடைந்து கம்பி போட்டிருப்பவனுக்கு முறுக்கு அனுப்பிய பாசத்தை நினைத்துக் கண் கலங்கினேன். ராமசெல்வி என் எதிரிலேயே உட்கார்ந்து, எனக்குப் பாவம் என்று என் பங்கையும் சேர்த்துக் கடித்து முடித்தாள்.

இதைப் போனில் சொல்லாமல் கடிதாசி எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள் அத்தான். இன்னும் ஒரு மாதத்துக்கு என் வாயிலிருந்து 'ம்' தவிர வேறொன்றும் வராது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மாதத்துக்காகத்தான் காத்திருந்ததாக ராமசெல்வி மாடிப்படியில் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால் என் போன் அன்றைக்கே கூடிய கூட்டத்தின் காலில் மிதிபட்டு நசுங்கிவிட்டது. அவள் போனிலிருந்து அனுப்பலாமென்றால், தங்களுக்கு எது வந்தாலும் அதை அப்படியே சங்கத்துக் குழுவுக்குத் தள்ளிவிடும் பழக்கம் உண்டு. போன பொங்கலுக்கு மூலத்துக்கு நல்ல வைத்தியர் யார் என்று தங்களுக்கு மட்டும் என்று சொல்லித்தான் கேட்டேன். விடிவதற்குள் நம் வியாபாரிகள் அத்தனை பேரும் கைகூப்பிய படத்தோடு 'விரைவில் நலம் பெறுக' என்று வாழ்த்தியிருந்தார்கள். அதிலிருந்து கடையில் நான் நின்றுகொண்டே இருந்தாலும் வருகிறவர்கள் எல்லாரும் அர்த்தத்தோடு பார்க்கிறார்கள். ஆகையால் இதை உறையில் ஒட்டி, பக்கத்துக் கயிற்றுக்கடை டென்னிஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் தனியாக இருக்கும்போது வாசிக்கவும். அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டாம். முக்கியமாக ராமசெல்விக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியக்கூடாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் சுற்றி வளைத்துக் கடைசியில் மறந்துவிடுவேன். லாரி என்னை இடிக்கவில்லை அத்தான். தொடக்கூட இல்லை. நாளைக் காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளை எதிர்த்துத் தாங்கள் நடத்தவிருக்கும் மறியலைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். டிரைவர் தாமோதரன்மேல் கொடுத்திருக்கும் புகாரை இன்றைக்கே வாபஸ் வாங்கிவிடுங்கள். அந்த ஆளைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. லைசென்ஸையும் ரத்து செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. லாரி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு சோலி தெரியாதாம். இத்தனைக்கும் அவர் செய்த ஒரே குற்றம், நான் விழுந்து கிடந்த இடத்துக்கு நாலடி தள்ளி வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என்னைத் தூக்கியதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன அமாவாசைக்கு முந்தி எங்கள் முனையில் அடுத்தடுத்து வண்டிகள் விழுந்தது தங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே என்னைச் சங்கத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு ஒருங்கிணைப்பாளராகப் போட்டீர்கள். நானும் தலையில் ஹெல்மெட் மாட்டிப் படம் எடுத்து, 'உயிர் ஒன்றே, கவனம் நன்றே' என்று பிளெக்ஸ் அடித்துக் கடை வாசல் கம்பத்தில் கட்டினேன். அப்போதும் ராமசெல்விக்குத் திருப்தியில்லை. "ஏங்க, ஊர்க்கண்ணு பூராவும் நம்ம கடை மேலதான். இந்த அமாவாசைக்குச் சின்னக் காயா வாங்கி ஏமாத்தாதீங்க. பெருசா ஒண்ணு வாங்கிச் சுத்தி ஒடைங்க. விபத்துகிபத்து நம்ம பக்கமே வராது" என்றாள். வாங்கினேன். குழந்தைக்குத் தொட்டில் கட்டலாம் போன்ற பூசணிக்காய். மேலே துளை போட்டுக் குங்குமத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து, சூடம் ஏற்றி, கடையைச் சுற்றி, தராசைச் சுற்றி, என் ஸ்கூட்டரையும் தனியாக ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம் நடுரோட்டுக்குக் கொண்டுபோனேன்.

டென்னிஸ் தன் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஓரமா ஒடைங்க. டூவீலருவ வருத எடம்லா" என்றான். வேறு மதத்துக்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்து, "நடுவுல ஒடைச்சாத்தாம்ல திருஷ்டி நாலா பக்கமும் போவும். ஓரத்துல ஒடைச்சா ஒங்கடைக்குத்தான் வரும், பரவால்லையா?" என்று கேட்டேன். ஓங்கிப் போட்டேன். அப்படி ஒரு சத்தம், அப்படி ஒரு சிவப்பு. சதையும் விதையுமாக ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டது. துண்டுகளை ஒதுக்கித் தள்ளுங்கள் என்று டென்னிஸ் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தான். வண்டிகள் ஏறி ஏறித் தானாகக் காலியாகிவிடும் என்று நான்தான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் ராயபுரத்தில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் இருந்ததா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்கும் பொறுப்பு என்னுடையதா, நான் மறந்துவிட்டு எதிர்ப்பக்கத்து ஜவுளிக்கடைக்கு ஸ்கூட்டரில் ஓடினேனா, வாங்கிக்கொண்டு திரும்பும்போது முறைப்படி திரும்புவதென்றால் வெகுதூரம் போய் வளைந்து வர வேண்டும் என்று ராங் சைடிலேயே வந்தேன். நம் கடை கண்ணுக்கு எதிரே தெரிகிறது, எதற்கு அவ்வளவு தூரம் பெட்ரோலைக் கொளுத்துவது என்ற எண்ணம்தான். காலுக்கிடையில் 'சாலை விதிகளை மதிப்போம்' துண்டுப் பிரசுரக் கட்டு. ஹான்டில்பாரில் பொன்னாடைப் பை. ஹெல்மெட் இருந்தது அத்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, இடது முழங்கையில் மாட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டேன். கூப்பிட்டது வேறு யாருமில்லை, தாங்கள்தான். "எங்கடே இருக்க? கூட்டம் ஆரம்பிச்சாச்சு. ஹெல்மெட்டப் பத்தி நீதான பேசணும்" என்றீர்கள். "வந்துக்கிட்டே இருக்கேன் அத்தான்" என்றேன். பூசணிக்காயின் ஞாபகம் வந்தபோது முன்சக்கரம் அதன் மேல் இருந்தது. பிரேக் பிடித்தேன். பிடிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்கலாம் என்று டென்னிஸ் சொல்கிறான். தாடையால் ரோட்டை முத்தமிட்டேன். இடது முழங்கைக்கு மட்டும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஹெல்மெட் எப்படிப்பட்ட பாதுகாப்பு என்பதற்கு என் முழங்கையே சாட்சி.

எங்கிருந்தோ ஒரு பெண் அலறினாள், உடனே பிரேக் சத்தம். அப்போதுதான் அந்தக் கன்டெய்னர் லாரி வந்து நின்றது. நின்ற பிறகுதான் நான் பார்த்தேன். முகத்துக்கு நேரே அவ்வளவு பெரிய சக்கரம். ரோடெல்லாம் குங்குமத் தண்ணீர், நடுவில் நான். அலறியது மீன்கூடையோடு வந்துகொண்டிருந்த வியாகுலம்மாள்தான். கூடையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் "ஐயையோ, நம்ம மளிகக்கட அண்ணாச்சிபா. இன்னா ரத்தம் பாரேன். தலையே பூட்ச்சிபா. மூள வெளிய வந்துக்கீது" என்று சத்தம் போட்டாள். என் தலைமுடியில் பூசணிச் சதை விதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு மூளை இருந்ததாக ஊரே ஒன்றுசேர்ந்து நம்பியது அந்த ஒரு தடவைதான். கூட்டம் கூடியது. தாமோதரன் இறங்கி ஓடிவந்து, தன் தோள் துண்டை எடுத்து என் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் ஆட்டோ புடிங்கப்பா" என்று கெஞ்சினார். கூட்டம் ஆட்டோவைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் சட்டையைப் பிடித்தது. ஒருத்தன் குனிந்து, "அண்ணாச்சி, இந்த லாரி தான இட்ச்சிது?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வேறு பக்கம் போனது. வலியில் தலை மேலும் கீழுமாக ஆடிவிட்டது. அவருக்கு விழுந்த முதல் அறை என் காதுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது.

அந்த முதல் தலையாட்டல் சத்தியமாக வலியில் ஆடியது அத்தான், எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன். இரண்டாவதைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். "கன்டெய்னர் லாரி பின்னாடி வந்து தட்டிருச்சி, அப்படித்தானே?" என்று கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ராமசெல்வி மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள். இல்லை என்றால், பின்னே எப்படி விழுந்தாய் என்ற கேள்வி வரும். பேப்பர் வாங்கி, 'என் பூசணிக்காயில் நானே' என்று எழுதிக் காட்ட வேண்டும். சாலைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். தலையை ஆட்டினேன்.

ஒரு தடவை ஆட்டியவனுக்கு அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். 'அந்தப் பள்ளம்தானே?' என்றார் அரிசி மண்டிக்காரர், ஆட்டினேன். 'கறுப்பு நாய் குறுக்கே வந்ததா?' என்றார் வாடகைக்கு இருப்பவர், ஆட்டினேன். 'சுகர் இறங்கி மயக்கம் வந்திருக்கும்' என்றாள் அக்கா, அதற்கும் ஆட்டினேன். ராமசெல்வி, "அஷ்டமத்துச் சனிதான?" என்று கேட்டாள். பலமாக ஆட்டினேன். பலன் என்னவென்றால், எத்தனை மனுக் கொடுத்தும் மூடாத பள்ளத்தை ராவோடு ராவாக மூடிவிட்டார்கள். அந்தக் கறுப்பு நாயைக் கல்லெடுத்து விரட்டியதில், அது டென்னிஸ் கடையில் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. சனிக்குப் பரிகாரமாகத் திருச்செந்தூரில் எனக்கு மொட்டை என்று ராமசெல்வி நேர்ந்துகொண்டாள். உடைந்தது தாடை, போகப் போவது இருக்கிற நாலு முடி.

வார்டில் என் போன்றவர்கள்தான் நிறையப் பேர். எனக்கு இடப்பக்கக் கட்டிலில் இருந்தவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தூறலுக்குக் குடை விரித்தவர். வலப்பக்கத்தில் இருந்தவர் புது ஸ்பீட்பிரேக்கர் போடக் கொட்டிய ஜல்லியில் ஏறியவர், ஜல்லி அங்கே கிடப்பதைக் காலையில்தான் எல்லாருக்கும் சொல்லி எச்சரித்தாராம். எதிரே ஒரு மாப்பிள்ளை, பெண்டாட்டி சேலை முந்தானை சக்கரத்தில் சுற்றி இரண்டு பேருமாக விழுந்ததில் அடிபட்டவர். ஆனால் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாரும் ஒரே குரலில், "லாரிக்காரன் சார், கண்ணு மண்ணு தெரியாம வந்துட்டான்" என்பார்கள். என்னால் பேச முடியாததால் நான் மட்டும் 'ம்' என்பேன்.

அங்கே சங்கமித்ரா என்று ஒரு சின்ன டாக்டரம்மா, புளியந்தோப்புப் பெண். சாலை விபத்தில் யாருக்கு எப்படி, எந்த இடத்தில் அடிபடுகிறது, என்ன காரணம் என்று படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறது. ஒவ்வொரு கட்டிலாக வந்து உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும். என்னிடம் ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரியே கேட்டது. ஹெல்மெட் இருந்ததா? ஆட்டினேன். லாரி இடித்ததா? ஆட்டினேன். அது கொஞ்ச நேரம் என் முட்டியையும் உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், பின்னாடி இருந்து லாரி இடிச்சா முதுகுல, இடுப்புல ஏதாவது இருக்கணுமே. உங்களுக்கு எல்லாமே முன்னாடிதான் இருக்கு. தாடை, ரெண்டு கை, ரெண்டு முட்டி. வழுக்கி விழுந்தவங்களுக்குத்தான் இப்படி வரும்" என்றது. அதற்கும் ஆட்டி வைத்தேன். பிறகு ஒரு பஞ்சைப் பிரித்துக் காட்டியது. தாடைக் காயத்தைக் கழுவும்போது உள்ளேயிருந்து எடுத்ததாம். வெள்ளையாக, தட்டையாக, நன்றாக முற்றிய விதை. "இது என்ன அங்கிள்?" என்று கேட்டது. 'என்ன' என்ற கேள்விக்குத் தலையாட்ட முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சோறும் இல்லை, ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கஞ்சிதான், அதில் ஒரு விதையைக்கூட மறைக்க வழியில்லை. அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சை மடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லிடுங்க அங்கிள். அந்த டிரைவர் தினமும் வார்டு வாசல்ல வந்து நின்னுட்டுப் போறாரு, பாவம்" என்றது.

நின்றார் அத்தான். நானே பார்த்தேன். கன்னத்தில் வீக்கத்தோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று கதவுப் பக்கம் தயங்கித் தயங்கி நிற்பார். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன். ராமசெல்வி எழுந்து போய் அவரை விரட்டினாள். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

நேற்று வீட்டுக்கு வந்தேன். கடை வாசலில் ஆட்டோ நின்றதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், ஒரே கம்பத்தில் இரண்டு பிளெக்ஸ். மேலே பழையது, ஹெல்மெட்டோடு நான் சிரிக்கிறேன். கீழே தாங்கள் புதிதாக வைத்தது, தலையோடு தாடை கட்டிய நான், 'கன்டெய்னர் எமனே, எங்கள் அண்ணாச்சியின் ரத்தத்துக்குப் பதில் சொல்' என்று. அந்த ரத்தம் பெரும்பாலும் குங்குமம் என்று எப்படிச் சொல்வேன். தாங்கள் கொடுத்த புகாரின் நகலையும் டென்னிஸ் காட்டினான். 'போனில் பேசிக்கொண்டிருக்கையில் லாரி பிரேக் அடித்து இடித்ததை நான் என் காதாலேயே கேட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் கேட்டதில் பொய் இல்லை. வரிசைதான் மாறிப்போயிற்று. முதலில் கேட்டது நான் விழுந்த சத்தம், பிறகு கேட்டதுதான் பிரேக். ஸ்டேஷனில் யாராவது கெட்டிக்காரர் இருந்து, வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த நேரம் போன் போட்டது யார் என்று கேட்டுவிட்டால், சங்கத் தலைவருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் சேர்த்து ஒரே பிளெக்ஸில் இடம் பார்க்க வேண்டியிருக்கும். மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தங்களை மிரட்டுகிற தைரியம் எனக்குத் தாடை நன்றாக இருந்தபோதே இருந்ததில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைச் சொல்லிச் சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்துக்கு வருகிறார், உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். அதற்குள் தாங்களே புகாரைத் திரும்ப வாங்கிவிட்டால் தங்கள் மரியாதைக்கும் குறைவு வராது. அந்தத் தாமோதரன் மட்டும் கண்ணை இமைக்காமல், கவனமே உருவாக ஓட்டி வந்திருக்காவிட்டால், என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள், நேரே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத்தான். அப்படிப்பட்ட ஒரு டிரைவரை இந்த ரோட்டில் நான் பார்த்ததில்லை. அவர்மேல் துளி தப்புக் கிடையாது. முழுத் தப்பும் என்னுடையது, பூசணிக்காய் உள்பட. அதை வாங்கச் சொன்னது ராமசெல்வி என்றாலும், நடுரோட்டில் போட்டவன் நான்தானே. அவளிடம் மட்டும் சனி என்றே இருக்கட்டும். மொட்டைகூடப் போட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசி, ஸ்கூட்டரில் போகிற பிள்ளைக்கு இரண்டு மடங்கு. தங்கள் பாதம் தொட்டு, பேச வாயில்லாத காரணத்தால் மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
இசக்கிப்பாண்டி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பலவற்றை அடித்துத் திருத்தித்தான் வாசிக்க வேண்டும். உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரம் மாடிப்படியில் சத்தம். தாமோதரன் வந்து நின்றார், கையில் இரண்டு இளநீர். என் தாடைக்கு ஏற்றதைக் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். இன்றைக்குப் போர்வையும் கைக்கெட்டவில்லை. ராமசெல்வி முறைக்க முறைக்க நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நைனா, கேஸ வாபஸ் வாங்குன்னு கேக்க வர்ல. ஒன்னே ஒன்னு கேட்டுக்கினு பூட்றேன். நான் உன்ன இட்ச்சனா, இல்லியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "ரெண்டு ராவா ஹார்பருக்குள்ள போவ கன்டெய்னர் லைன்ல நின்னுகினு இருந்தேன், சுத்தமா தூக்கம் கெடையாது. அன்னிக்கி உங்க கடைக்கிட்ட வர்றப்போ கண்ணு சொருகிட்ச்சி. அந்த மீன்காரம்மா போட்ட சத்தத்துலதான் முயிச்சிகினு பிரேக் அட்ச்சேன். எறங்கிப் பாத்தா நீ கீய கெடக்குற, ரோடு பூரா செவப்பு. அல்லாரும் இட்ச்சிட்டன்றாங்கோ. எனக்கே தெர்ல. ஆஸ்பத்திரில வந்து வந்து பாத்தேன், நீ எப்பவும் தூங்கிகினே இருந்த. அன்னிலேந்து கண்ண மூடுனா உன் மூஞ்சிதான் வருது நைனா. தூக்கமே இல்ல. நீ சொல்லிடு, எதுவா இருந்தாலும் பரவால்ல" என்றார்.

என்னால் சொல்ல முடியாது. கையில் இருந்த இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு என் எழுத்துப் பிடிபடவில்லை. "குடுங்க, நான் வாசிக்கேன்" என்று ராமசெல்வி வாங்கிக்கொண்டாள். தடுப்பதற்கு எனக்கு ஒரு 'ம்' தான் இருந்தது, அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து வாசித்தாள் அத்தான், ஒன்றையும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்ற இடத்தில் தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். மூலம் வந்தபோது தாமோதரன் மரியாதைக்குத் தரையைப் பார்த்தார். ராமசெல்விக்கு ஒரு எழுத்துகூடத் தெரியக்கூடாது என்பதை இரண்டு தடவை வாசித்தாள். பூசணிக்காய் வந்ததும் நின்றுவிட்டாள். இன்றைக்குத் தொலைந்தேன் என்று நினைத்தேன். கடைசிவரை வாசித்து முடித்துவிட்டு, "பெரிய காயா வாங்குங்கன்னு நான்தான சொன்னேன்" என்றாள். தாமோதரன், "அப்ப நான் இடிக்கல?" என்றார். நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். கம்பி உச்சந்தலைவரை இழுத்தது. "சத்தியமா இடிக்கல?" என்றார். மறுபடியும் ஆட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ராமசெல்வி காப்பி கொண்டுவருவதற்குள் அப்படியே தூங்கிவிட்டார்.

ஆகையால் அவர் கண் இமைக்காமல் ஓட்டி வந்தார் என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். முழுத் தப்பும் என்னுடையது என்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். புகாரை வாபஸ் வாங்குவது மட்டும் மேலே சொன்னபடிதான், இன்றைக்கே. மறியலை நிறுத்த வேண்டாம், நடத்துங்கள். பேனரில் மட்டும் எமன், ரத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லாரிக்காரர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் படுத்துத் தூங்க ஒரு கொட்டகை வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். என்னால் கோஷம் போட முடியாது, நாற்காலி போட்டால் வந்து உட்காருவேன். இது குறித்து நேரில் பேச வருவதானால் இருட்டிய பிறகு வாருங்கள். ராமசெல்வி ரோட்டுப்பக்கத்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அவர் தலைக்கு ஒரு தலையணையை என்னிடமிருந்து உருவிக்கொண்டு போய் வைத்திருக்கிறாள். கீழே வண்டியை நிறுத்தும்போது ஹாரன் அடித்துவிடாதீர்கள் அத்தான், அவர் தூங்குகிறார்.